நீதிபதிக்கு வைத்த பேனர்

டெல்லி உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளுக்கு முன்னால் நான் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய பெரிய வக்கீல்கள் எல்லாம் கைகட்டி நிற்க, நான் மட்டும் காலை ஆட்டிக்கொண்டு டீ குடித்திருக்கிறேன். ஏன்டா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பொய். வடக்கே நான் போன அதிகபட்ச தூரம் கும்மிடிப்பூண்டி. ஐந்து நீதிபதிகளும் இருந்தது என் போனுக்குள். நான் இருந்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், லோடு வண்டி ஸ்டாண்டில். ஆனால் காலை ஆட்டியது உண்மை, டீ குடித்தது உண்மை.

போன வாரம் என்னுடைய குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியை வாங்கிய கதையைச் சொன்னேன். இந்த வாரம் அதே வண்டி ஸ்டாண்டு ஒரு கோர்ட்டாக மாறிய கதை. நான் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டவன். போனில் நான் உளறி அனுப்புவதை பத்திரிகையில் ஒரு தங்கை ஒழுங்கான தமிழில் தட்டித் தருகிறார். படிக்க நன்றாக இருக்கும் இடம் எல்லாம் அவருடையது. மற்றது என் சொத்து.

ஐஸ் பெட்டி மேல் உச்ச நீதிமன்றம்

அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். லேத் பட்டறைகளிலிருந்து வரும் எண்ணெய் வாசனையே சூடாக வந்தது. என் போன் தோசைக்கல் மாதிரி காய்ந்து, நடு விசாரணையில் இரண்டு முறை தானாக அணைந்துவிட்டது. மூன்றாவது முறை அணைந்தால் ஸ்டாண்டில் கொலை விழும் என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால் ரோஸ்மில்க் கடைக்காரரிடம் கெஞ்சி, அவருடைய ஐஸ் பெட்டி மேல் பாலிதீன் கவரைப் போட்டு, அதன் மேல் போனை நிற்க வைத்தோம். உச்ச நீதிமன்றம் ஜிலுஜிலு என்று நடந்தது.

ஆறேழு டிரைவர்கள் தலையை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் என் கூட்டாளி டில்லி. டில்லி பாபு என்பது முழுப்பெயர். டெல்லிக்குப் போனதில்லை, ஆவடி தாண்டினாலே ஊருக்குப் போகிறேன் என்பான்.

திரையில் கம்பெனிக்காரர்களின் வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். வலது ஓரத்தில் இருந்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நைனா, கொக்கி கண்ணாடிய கயட்டிட்டாரு," என்றான் டில்லி. "எவனும் மூச்சு வுடாதீங்க."

அந்த நீதிபதியின் பெயர் எங்களுக்கு வாயில் நுழையவில்லை. கேள்வியைக் கொக்கி மாதிரி வளைத்து எதிராளியின் சட்டைக்காலரில் மாட்டுவார், அதனால் அவர் கொக்கி. மரியாதையாகத்தான் கூப்பிட்டோம். நடுவில் இருப்பவர் பெரியவர். மற்ற மூன்று பேருக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை, அவர்கள் அதிகம் பேசவில்லை.

கொக்கி என்னவோ கேட்டார். வக்கீல் திருதிரு என்று விழித்தார். அவருக்குப் பின்னால் இருந்த சின்ன வக்கீல்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதற்கு ஒரு ஆள் வைத்திருந்தோம். இசக்கி என்று ஒரு தம்பி, திருநெல்வேலிப் பக்கம், எஸ்டேட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அயனம்பாக்கத்தில் அவன் குடிவந்தபோது அவன் பீரோவை மூன்றாவது மாடிக்கு ஏற்றியது நான்தான். அந்த நன்றிக்கு டீ நேரத்தில் வந்து மொழிபெயர்ப்பான்.

"எண்ணே, அவரு கேக்காரு," என்றான் இசக்கி. "காண்ட்ராக்டர் போர்டு மாறிக்கிட்டே இருக்கு, சமையக்கட்டு மாறல, சமைக்க ஆளும் மாறல. அப்போ அந்த ஆளுக்கு மொதலாளி யாரு, போர்டா, கம்பெனியா? அதச் சொல்லும்ங்காரு."

டில்லி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு பிகில் அடித்தான். ரோஸ்மில்க் வாங்க வந்த ஒரு அம்மா கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். நான் வண்டிக்குள் ஓடி ஹாரனை அமுக்கினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏனென்றால் அந்த சமைக்கிற ஆள் என் பெண்டாட்டி.

போர்டு மாறும், அண்டா மாறாது

மகேசுவைப் பற்றிப் பழைய வாரங்களில் கிண்டலாகவே சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன், விஷயம் அப்படி.

எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனில் மகேசு வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பெண்ணுக்குப் பால் பல்லே விழவில்லை. சாம்பார் அண்டா அவள் பொறுப்பு. குனிந்து கரண்டி போட்டால் தலை உள்ளே போய்விடும், அவ்வளவு பெரிசு. கேன்டீன் நடத்தும் காண்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். வாசலில் புதுப் போர்டு மாட்டுவார்கள், பெண்களுக்குப் புதுக் கலரில் புடவை தருவார்கள். அதே அண்டா, அதே அடுப்பு, அதே மகேசு.

எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று அந்தப் பெண்கள் ஒரு நாள் கேட்டார்கள். நீங்கள் எங்கள் ஆட்களே இல்லை, காண்ட்ராக்டர் ஆட்கள் என்றது கம்பெனி. அடுத்த காண்ட்ராக்டர் வந்தபோது இவர்களை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தோம். அதற்கு மேலே தோற்றோம். டெல்லிக்குப் போனது. அங்கே இதே மாதிரி பல ஊர் வழக்குகளைச் சேர்த்துக் கட்டி, ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். அதனால்தான் அதை எல்லாரும் போனில் பார்க்கும்படி ஓடவிட்டார்கள்.

இதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. மகேசு வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். ஓய்வு பெறும் வயது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தால், ஜெயித்தும் உள்ளே போக முடியாது. அவள் கவலை அது ஒன்றுதான். துட்டு எதாவது தருவார்கள் என்று நான் சொன்னால் கோபம் வரும்.

"எனுக்கு இன்னாத்துக்கு அது," என்பாள். "நான் அந்த கேட்டுக்குள்ள நடந்து போவணும். அந்த கம்பெனி ஆளாத்தான் வெளிய வரணும்."

விசாரணையை மட்டும் பார்க்க மாட்டாள். நீயே பார்த்துவிட்டு வந்து சொல் என்பாள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து தோளில் கறுப்புத் துண்டைப் போட்டு, கழுத்தில் கைக்குட்டையைக் கட்டி, ஐந்து நீதிபதியாகவும் பத்து வக்கீலாகவும் நடித்துக் காட்டவேண்டும். மாவு ஆட்டிக்கொண்டே கேட்பாள். எங்கே நான் இட்டுக்கட்டுகிறேன் என்று அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ, அங்கே சரியாக கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்.

பூந்தமல்லியில் என் வாதம்

நான் ஏன் இந்த கோர்ட்டுக்கு இப்படி அடிமையானேன் என்றால், அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

ஒரு காலத்தில் அதிக லோடு ஏற்றியதற்கு என்னை பூந்தமல்லி கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள். சினிமாவில் பார்த்த மாதிரி கூண்டில் ஏறி, கேள்வி கேட்பார்கள், நான் பதில் சொல்வேன் என்று ஒரு வாரம் தயார் செய்தேன். ரோடு எவ்வளவு மோசம், டீசல் என்ன விலை, முதலாளிகள் எப்படி ஏற்றச் சொல்லி மிரட்டுகிறார்கள் என்று ஒரு பெரிய பேச்சு. கடைசியில் கையை உயர்த்தி நிறுத்துகிற மாதிரி கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை வேறு.

டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். "ஏகாம்பரம், ஏகாம்பரம், ஏகாம்பரம்." பதற்றத்தில் நான் பள்ளிக்கூடத்தில் சொல்வது போல் "உள்ளேன் ஐயா" என்று கத்திவிட்டேன். கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மட்டும் தலையைத் தூக்கவில்லை. ஒப்புக்கொள்கிறாயா என்றார். நான் வாயைத் திறந்து மூச்சை இழுப்பதற்குள் அபராதத்தைச் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என் பேச்சு இன்றைக்கும் வயிற்றுக்குள் அப்படியே இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை, வாசலில் நூறு பேர் நின்றார்கள்.

அதனால்தான் டெல்லியைப் பார்த்து எனக்கு வாய் பிளந்தது. ஒருத்தர் பேச ஐந்து பேர் கேட்கிறார்கள். அவசரமே இல்லை. நிறுத்தி, திருப்பி, விளக்கம் கேட்டு, மறுபடி கேட்கிறார்கள். சாம்பார் வைக்கிற ஒரு பொம்பளை யாருடைய ஆள் என்பதைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் கிரிக்கெட்டை விட்டுவிட்டேன்.

தம்ளரும் அம்மாவும்

எங்கள் பக்கம் வாதாடியது ஒரு வயதான அம்மா. தலை முழுக்க வெள்ளை. ஒல்லியான உருவம். குரல் ஏறவே ஏறாது. அம்மா பேசினால் நீதிபதிகள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். கத்துகிறவர்களுக்கு மட்டும்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது முதல் பாடம். டில்லி இரண்டு நாள் ஸ்டாண்டில் மெல்லப் பேசிப் பார்த்தான். ஒருத்தரும் லோடு தரவில்லை.

கம்பெனி பக்கத்து வக்கீல் நல்ல வாட்டசாட்டம். மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளர் வைத்திருப்பார். கஷ்டமான கேள்வி வந்தால் உடனே எடுத்து ஒரு மிடறு. அந்த ஒரு மிடறுக்குள் பதில் தயாராகிவிடும். ஆளுக்கு தம்ளர் என்று பெயர் வைத்தோம். அவரைக் கண்டாலே எங்களுக்கு எரியும். அவர் தண்ணீர் குடித்தால் நாங்கள் "விக்கட்டும், விக்கட்டும்" என்று கோரஸ் பாடுவோம்.

நானும் டில்லியும் வர்ணனையாளர்கள். பாஷை தெரியாவிட்டால் என்ன, முகம் தெரியாதா என்று எங்களுக்கு எண்ணம். நீதிபதி தலையாட்டினால் நமக்கு ஒரு ரன். இரண்டு நீதிபதிகள் காதில் பேசிக்கொண்டால் மூன்றாவது அம்பயர். இசக்கி எவ்வளவோ சொன்னான். தலையாட்டுவது சம்மதம் இல்லை, கேட்டுவிட்டேன், மேலே பேசு என்று அர்த்தம், கேள்வி கேட்பதாலேயே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று இல்லை என்று. ஒரு நாள் கொக்கி எங்கள் அம்மாவையே அரை மணி நேரம் வாட்டி எடுத்தார். ஸ்டாண்டில் இழவு வீடு. அன்றைக்கு இரண்டு பேர் டீயே குடிக்கவில்லை.

அதனால்தான், கொக்கி தம்ளரைப் பார்த்து "மொதலாளி யாரு" என்று கேட்டதும் நாங்கள் அப்படிக் குதித்தோம். எங்கள் கணக்கில் மேட்ச் முடிந்துவிட்டது.

சிங்கத்தோடு ஒரு படம்

எங்கள் பக்கம் ஒருத்தர் நல்லது செய்தால் என்ன செய்வோம்? பேனர் வைப்போம். காது குத்தினாலும் பேனர், கவுன்சிலர் சாக்கடை அடைப்பை எடுத்தாலும் பேனர். இது கூடவா பிறருக்குச் சொல்லித்தர வேண்டும்?

டில்லி ஸ்டாண்டில் எல்லாரிடமும் வசூல் செய்து, விடிவதற்குள் ஒரு பேனரைக் கொண்டுவந்துவிட்டான். போனில் ஓடிய படத்திலிருந்து கொக்கியைப் பிடித்துப் பெரிதாக்கியிருந்தார்கள். வாய் பாதி திறந்திருந்தது, தும்மப்போகிற மாதிரி. பக்கத்தில் ஒரு சிங்கம். பிரிண்ட் கடையில் சிங்கம் எப்போதும் இலவசம். "எஸ்டேட்டின் குலதெய்வமே, ஒரே கேள்வியில் நீதி தந்த தங்கமே" என்று மஞ்சள் எழுத்து. கீழே ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லாரும் கைகூப்பியபடி வரிசையாக. என் படம் என் மச்சினிச்சி கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்து ஆளை வெட்டிவிட்டார்கள், என் தோள்மேல் போட்டிருந்த அவன் கை மட்டும் அப்படியே இருந்தது.

அதைக் கட்டிய இடம் கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே. வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று. மாலை போட்டோம். பால் ஊற்றவும் டில்லி ஒரு பாக்கெட்டை உடைத்தான், ஏணி எட்டாததால் அதை டீயில் ஊற்றிக் குடித்தோம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிப்பு. என் முகமும் ஒரு நீதிபதி முகமும் ஒரே துணியில்.

பதினோரு மணி டீக்கு இசக்கி வந்தான். பேனரைப் பார்த்தான். கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டான்.

"எண்ணே, இத யாரு வச்சது?"

"நம்ம ஸ்டாண்டு சார்பா," என்றான் டில்லி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "உன் போட்டோவும் போடலாம்னேன், நீ தான் ஆபீசு பயம்னு சொல்வ."

"வெளங்கிரும்," என்றான் இசக்கி.

பிறகு மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போல எங்களுக்குச் சொன்னான். அவர் இன்னும் தீர்ப்பே தரவில்லை, கேள்விதான் கேட்டிருக்கிறார். இந்தப் படம் அங்கே போனால், ஒரு பக்கத்து ஆட்கள் என்னைத் தங்கள் ஆள் என்று கொண்டாடுகிறார்கள், நான் இந்த வழக்கில் இருப்பது முறையில்லை என்று அவரே எழுந்து போய்விடலாம். இல்லாவிட்டால் கம்பெனி வக்கீல் போகச் சொல்லிக் கேட்கலாம். ஐந்தில் ஒருத்தர் போனால் புதிதாக ஐந்து பேரைச் சேர்க்கவேண்டும். முதலிலிருந்து கேட்கவேண்டும். எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

எப்போது என்று எனக்குத் தெரிந்தது. மகேசுக்கு வயது முடிந்த பிறகு.

எதிரே கம்பெனி வாட்ச்மேன் போனைத் தூக்கிப் பிடித்து, பேனரையும் எங்களையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். டில்லி பழக்க தோஷத்தில் அவரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தான்.

நீதிபதிக்குள் நான்

டில்லி எதைக் கட்டினாலும் கயிற்றால் கட்டமாட்டான், கம்பியால் கட்டுவான். காற்றுக்கு அசையாது என்று பெருமை. அவிழ்க்கவும் முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

குட்டியானையைக் கீழே நிறுத்தி, அதன் கூரை மேல் டில்லி ஏறினான். கம்பி வெயிலில் கொதித்தது. நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்ற கூட்டம் பூரா எங்களைப் பார்த்தது. காலையில் கட்டியவர்கள் மதியத்துக்குள் அவிழ்க்கிறார்களே, கட்சி மாறிவிட்டார்களா என்று ஒருத்தர் கேட்டார்.

கடைசிக் கம்பியை வெட்டியதும் பேனர் மொத்தமாக என் தலைமேல் விழுந்தது. உள்ளே ஒரே இருட்டு, புது மை வாசனை மூக்கைப் பிடித்தது. எங்கே தூக்கினாலும் சிங்கத்தின் கால். நீதிபதிக்குள் மாட்டிக்கொண்ட ஒரே டிரைவர் நானாகத்தான் இருப்பேன். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து, வீட்டில் என்ன சொல்வது என்று நினைத்ததும் நின்றுவிட்டது.

மகேசு வாசலில் மாவுப் பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள். நான், டில்லி, இசக்கி மூவரும் வரிசையாக நின்றோம். இசக்கிதான் சொன்னான். அவள் கை நின்றுவிட்டது.

டில்லிக்கு உடனே யோசனை வந்தது. கம்பெனிக்காரனே நம்மை மாட்டிவிட இந்த பேனரை வைத்தான் என்று சொல்லிவிடலாம் என்றான். உன் மூஞ்சி அதில் இருக்கிறதே என்றேன். நான் சொன்ன யோசனை அதைவிட மட்டம். வாயை மூடிக்கொண்டு ரெண்டு நாள் பார்க்கலாம் என்றேன்.

மகேசு எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வச்சது வச்சாச்சு," என்றாள். "போட்டோ அவன் கையில கீது. அவன் போய் காட்டினா நாம திருட்டுப் பசங்க. நாமளே போய் சொன்னா முட்டாளுங்க. நான் முட்டாளாவே இருந்துட்டுப் போறேன். வக்கீலுக்கு போன போடு."

சென்னையில் எங்கள் வழக்கைப் பார்க்கும் வக்கீலுக்குப் போன் போட்டுத் தந்தேன். மகேசு யார் மேலும் பழி போடாமல் நடந்ததைச் சொன்னாள். சிங்கம் கூடவா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு, பேனர் படத்தை அனுப்புங்கள், டெல்லி அம்மாவிடம் நான் பேசுகிறேன் என்றார் வக்கீல்.

அன்றைக்கு மகேசு மாவு ஆட்டவில்லை. நானும் நடித்துக் காட்டவில்லை. சாப்பிடும்போது மட்டும் ஒன்று கேட்டாள்.

"அந்த நீதிபதி போய்ட்டாருன்னா, அடுத்து வர்றவரும் அதே கேள்விய கேப்பாரா?"

வழக்கமாகத் தெரியாவிட்டாலும் எதாவது சொல்வேன். அன்று எழுந்துபோய் போனைச் சார்ஜில் போட்டேன்.

ஒரு மிடறு தண்ணீர்

அடுத்த விசாரணைக்கு மகேசுவும் ஸ்டாண்டுக்கு வந்தாள். முதல் தடவை. டிரைவர்கள் எல்லாரும் பீடியை மறைத்தார்கள். ரோஸ்மில்க் கடைக்காரர் ஸ்டூல் போட்டுத் தந்தார். ஐஸ் பெட்டி மேல் போனை வைத்தோம். இசக்கி அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். தம்ளர் எழுவதற்கு முன்னால் எங்கள் வக்கீல் அம்மா எழுந்தார். கையில் ஒரே ஒரு காகிதம். வழக்கம் போல மெல்லிய குரல்.

"அம்மா சொல்லுதாங்க," என்றான் இசக்கி. அவன் குரலும் இறங்கிவிட்டது. "என் கட்சிக்காரருக்கு வேண்டியவங்க அறியாமையில ஒரு காரியம் செஞ்சிட்டாங்க. அன்னைக்கே எடுத்துட்டாங்க. மறைக்க விரும்பாம அவங்களே எங்கிட்ட சொன்னாங்க. நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமைங்காங்க."

காகிதம் மேலே போனது. பெரியவர் பார்த்தார். பக்கத்தில் தந்தார். அது கை மாறி மாறி ஓரத்துக்கு வந்தது. கொக்கி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் படத்தைத் தானே பார்த்தார். எங்கள் படங்களையும்தான். என் தோள்மேல் இருந்த அந்தக் கையையும் பார்த்திருப்பார். உச்ச நீதிமன்ற நீதிபதியின் கண் என் மூஞ்சி மேல் பட்டது என்று நினைத்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன்.

கொக்கி மைக்கை இழுத்து என்னவோ சொன்னார். கோர்ட்டில் மெல்லச் சிரிப்பு. இசக்கி சிரிக்கவில்லை.

"இதுல சிங்கம் என்னைய விட நல்லா இருக்குங்காரு. ஆனா எண்ணே, அடுத்து ஒண்ணு சொன்னாரு. எதிர்த் தரப்புக்கு ஒரு சின்ன சங்கடம் இருந்தாலும் சொல்லலாம், நான் இந்த நிமிசமே வெலகிக்கிடுதேன்னு."

எல்லாரும் தம்ளர் பக்கம் திரும்பினார்கள். டெல்லியிலும் சரி, அம்பத்தூரிலும் சரி.

அவர் எழுந்தார். சின்ன வக்கீல் ஒருத்தர் பின்னாலிருந்து அவர் அங்கியை இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். தம்ளர் கையை நீட்டி தண்ணீரை எடுத்தார். ஒரு மிடறு. அந்த ஒரு மிடறை அவர் குடித்து முடிப்பதற்குள் எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லாம் கண்முன்னால் ஓடியது. மகேசு என் சட்டைக்கையைப் பிடித்திருந்தாள், அது கிழியாதது சட்டையின் கெட்டிக்காரத்தனம். விக்கட்டும் என்று அன்றைக்கு ஒருத்தரும் பாடவில்லை. வேண்டாம், விக்காமல் நிதானமாகக் குடி ராசா என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

தம்ளர் பேசினார். சின்னதாகத்தான் பேசினார். இந்தத் தடவை கோர்ட்டே வாய்விட்டுச் சிரித்தது. பெரியவர் தலையைக் குனிந்து சிரித்தார். எங்கள் அம்மா கூடத் திரும்பி அவரைப் பார்த்து லேசாகத் தலை வணங்கினார்.

"இன்னா சொன்னான், இன்னா சொன்னான்," என்று டில்லி இசக்கியின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லங்காரு," என்றான் இசக்கி. அவன் கண் கலங்கியிருந்தது. "இத்தன வருசமா இந்த நீதிமன்றத்துல நிக்கேன், ஒரு படத்தப் பாத்து நம்பிக்க போயிராதுங்காரு. ஒரே ஒரு வருத்தம், எனக்கு இதுவர ஒருத்தனும் பேனர் வைக்கலங்காரு."

அவ்வளவுதான். காகிதம் ஓரமாகப் போனது. விசாரணை தொடர்ந்தது. அடுத்த நிமிடமே தம்ளர் எங்கள் வழக்கைப் பிய்த்து உதற ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் வாதாடியது போல அதற்கு முன்னால் வாதாடியதே இல்லை. கொக்கியும் விடவில்லை, கேள்வி மேல் கேள்வி. ஆனால் எங்களால் தம்ளரைத் திட்ட முடியவில்லை. வாயில் வார்த்தை வரவே மாட்டேன் என்றது.

மகேசு சட்டைக்கையை விட்டாள். போனையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நமக்கு எதிராத்தான் நிக்கறான். கள்ளாட்டம் ஆடலியே. மனுசன்யா அவன்."

சாப்பாட்டு இடைவேளைக்கு நீதிபதிகள் எழுந்தார்கள். டில்லி என்னைத் தனியாக வண்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். அக்கம்பக்கம் பார்த்தான். காதருகே வந்தான்.

"நைனா, தம்ளருக்கு ஒண்ணு வச்சா இன்னா? சிங்கம் ப்ரீதான்."

நான் அவன் வாயைப் பொத்தினேன். மகேசு ஸ்டூலில் இருந்தபடியே எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் டில்லி அன்றைக்கு முழுக்க அவளுக்கு எதிரில் வரவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் காலை, நாளைக்குத் தீர்ப்பு என்று வக்கீல் போன் செய்தார். மறுநாள் நாங்கள் யாரும் லோடு எடுக்கவில்லை. மறுபடி ரோஸ்மில்க் கடை. மறுபடி ஸ்டூல். ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பெரியவர் கையில் ஒரு கட்டு காகிதம். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினார். இசக்கி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். திடீரென்று என் முழங்கையைப் பிடித்து, எண்ணே, அவரு என்ன சொல்லுதாருன்னா…

"யோவ், இன்னும் போன்லயே பேசிக்கினு கீறியா?"

இது அன்றைக்கு இல்லை, தங்கச்சி. இது இப்போது, என் வாசலிலிருந்து. மகேசு செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். கழுத்தில் புது அட்டை. கம்பெனி பெயர் போட்டது.

"மொத ஷிப்ட்டுக்கு நேரமாய்டுச்சு. லேட்டா போனா கேட்டுல என்ன உள்ள வுடுவானா? வண்டிய எட்ரா மாமா."

வந்துட்டேன், மகேசு.